உள்ளே இருட்டு அளக்கப்படுகிறது

அத்தியாயம் ஏழு

பயம் வந்தால் குருவி அடி எண்ணுவான். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கதவிலிருந்து எத்தனை அடி வந்திருக்கிறோம் என்ற கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி ஓட வேண்டி வந்தால் உதவுமே என்றுதான். வாய் என்னவோ விளையாட்டாகப் பேசிக்கொண்டிருக்கும். கால் மட்டும் உண்மையைச் சொல்லும்.

அன்று காலை பத்தரை மணிக்கு, ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில், அவன் பத்தொன்பது எண்ணியிருந்தான். ஆய்வறைக் கதவிலிருந்து நடைபாதையின் கடைசிச் சுவர் வரைக்கும் பத்தொன்பது அடி. அந்தக் கோடியில் ஆய்வறைப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி ஓர் ஆளுயர இரும்பு பீரோவும், திறக்க முடியாத ஜன்னல் ஒன்றும் மட்டுமே இருந்தன.

“அங்க எதுக்குடா போன?” என்றார் கண்ணாடியக்கா.

“வேற வழி இருக்கான்னு பார்த்தேங்க்கா.”

“எதுக்கு வழி?”

“வீரமா வெளியேறதுக்கு.”

கண்ணாடியக்கா சிரிக்கவில்லை. இருபது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் அவர். சுவரில் தொங்கும் அட்டையில் எந்த எழுத்து வரும்போது எதிராளி தடுமாறுகிறார் என்று பார்த்துப் பார்த்தே மனிதர்களைப் படிக்கக் கற்றுக்கொண்டவர். கடையை மூடிவிட்டுத் துப்பறிய வந்து ஆறு வருஷமாகிறது. பேச்சு குறைவு. கேள்வி கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதில்தான் பலபேர் உளறிக் கொட்டியிருக்கிறார்கள். குருவி திருடர்களை விட அந்த மௌனத்துக்குத்தான் அதிகம் பயந்தான்.

அவர்களுக்குப் பின்னால் டெய்லர் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கடையிலிருந்து கிளம்பும்போது கழற்ற மறந்திருந்தார். இங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவருடைய இளைய மகளைக் காணோம். இன்றோடு மூன்று நாள். ‘மனசு சரியில்லை, கொஞ்ச நாள் என்னைத் தேடாதீர்கள்’ என்று அவள் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. அதைக் காட்டியதும், வயசுக்கு வந்த பெண், தானாகத் திரும்பி வருவாள் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“பாப்பா எனக்கு எழுதியே அனுப்ப மாட்டாம்மா,” என்று படிக்கட்டில் ஏறும்போது அவர் மறுபடியும் சொன்னார். “எனக்குப் பொடி எழுத்து தெரியாதுன்னு பேசித்தான் அனுப்புவா.”

“மருந்து?”

“இன்சுலின் பேனா ஒண்ணுதான் பையில இருந்தது. அன்னைக்குக் காலையில நான்தான் தூக்கிப் பார்த்தேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்கு மேல வராது. சின்ன வயசுலேர்ந்து அது இல்லாம அவளுக்கு ஒரு நாள் கிடையாதும்மா.” நாடாவின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். “ஒரே ஒரு தடவை தவறிப்போச்சு. பிழைச்சது பெரிய விஷயம்னு டாக்டர் சொன்னாரு.”

கண்ணாடியக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கதவைத் திறந்தவர் பேராசிரியர். இஸ்திரி கலையாத சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, மென்மையான குரல். உள்ளே கால் வைத்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. மூலையில் ஏதோ ஒரு பம்ப் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே அரைகுறையாகத்தான் கேட்டது.

“சார், இங்க ஆராய்ச்சி பண்றீங்களா, இல்ல ஆட்களைக் கெடாம பாதுகாக்கறீங்களா?” என்றான் குருவி, பல் கிட்டிக்கொள்ள.

“ஏசி ரிமோட்டைக் காணோம். மூணு நாளா தேடறோம். பம்ப்பும் ஏசியும் ஒரே லைன்ல இருக்கறதால மெயினை அணைக்கவும் முடியாது.” பேராசிரியர் வருத்தமாகச் சிரித்தார். “மத்த மாணவர்களுக்கு லீவு விட்டுட்டேன். நாளைக்கு எங்க வேலையைப் பார்க்க ஒரு குழு வருது. அதனால நான் மட்டும் குளிர்ல கிடக்கேன்.”

ஜன்னலே இல்லாத அறை, நடைபாதைக்கு இணையாக நீண்டிருந்தது. குருவியின் கால் தானாக எண்ணியது. ஒன்பதாவது அடியில் ஒரு மேஜை. மேஜைக்கு அப்பால் மூன்று அடியில் எதிர்ச்சுவர். அதில் தோள் உயரத்தில் ஒரு கறுப்புத் துணி விரித்து அடிக்கப்பட்டிருந்தது. ஆகப் பன்னிரண்டு.

மேஜையில் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள்.

“இதென்ன, சாயப்பட்டறையா?”

“குவாண்டம் புள்ளிகள். கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி படிகங்கள் திரவத்துல மிதக்குது.” பேராசிரியர் ஓர் ஊதா டார்ச்சை எடுத்து ஒவ்வொரு குப்பியாகக் காட்டினார். முதல் குப்பி நீலமாக எரிந்தது. அடுத்தது பச்சை. அடுத்தது சிவப்பு. நான்காவது மட்டும் இருண்டே கிடந்தது.

“கடைசி அண்ணனுக்கு இன்னைக்கு லீவா?”

பதில் டெய்லரிடமிருந்து வந்தது. “அதுவும் எரியுது தம்பி. நம்ம கண்ணுக்குத்தான் எட்டாது. எல்லாம் ஒரே துணி மாதிரி, வெட்டற அளவுதான் வேற. சின்னதா வெட்டினா நீலம், பெரிசா வெட்டினா சிவப்பு, அதுக்கும் பெரிசா வெட்டினா மனுஷன் பார்க்க முடியாத வெளிச்சம். பாப்பா எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தா.”

“ஏறக்குறைய சரி,” என்றார் பேராசிரியர். “அந்தப் புள்ளிகளை ஒரு சில்லு மேல மெல்லிசா பூசினா வெளிச்சத்தை உணரும் சென்சார் ஆயிடும். உங்க பொண்ணு நாலு சென்சாரைப் பக்கத்துப் பக்கத்துல செஞ்சா. மூணு நம்ம கண்ணு மாதிரி பார்க்கும். நாலாவது, கண்ணுக்குத் தெரியாததையும் பார்க்கணும். அதுதான் அவளைக் கவுத்துடுச்சு.”

அவர் மேஜையின் ஓரத்தைக் காட்டினார். கறுப்பு வர்ணம் அடித்த மரப்பெட்டி ஒன்று. திறந்த வாய் எதிர்ச்சுவரைப் பார்த்திருந்தது. அதைக் கறுப்புத் துணித் திரை மூடியிருந்தது. பெட்டியின் தலையில் ஒரு காகிதம், வட்டமான பெண் கையெழுத்தில்: ‘தொடாதீர்கள். உள்ளே இருட்டு அளக்கப்படுகிறது.’

“இருட்டை அளக்கறீங்களா? இதுவரைக்கும் எத்தனை மீட்டர் தேறுச்சு?” என்றான் குருவி. ஆனால் அந்த வரியைப் படித்தபோது அவன் முதுகுத்தண்டில் ஏசிக் குளிர் அல்லாத இன்னொரு குளிர் ஓடியது.

“சென்சார் நல்லதான்னு பார்க்க முதல்ல இருட்டுல வச்சுப் பார்க்கணும். நாள் கணக்கா ஓடும். ஓடறப்ப யாரும் தொடக் கூடாதுங்கறது இந்த லேப் வழக்கம். இருட்டுல எதுவும் தெரியக் கூடாது. இவளோட நாலாவது சென்சார் மட்டும் இருட்டுலயும் வெளிச்சம் இருக்குன்னு பொய் சொல்லுது. மூணு மாசமா அதே பாடு. தோல்வியைத் தாங்க முடியல, போயிட்டா.” பெருமூச்சு விட்டார். “வர்ற ஆளுங்களுக்கு வேற சாதனத்தைத்தான் காட்டணும்.”

“துணியில குறை இருக்காதுங்க,” என்றார் டெய்லர் அவசரமாக. “நான் தைச்சது. கறுப்புலயே கறுப்பா ஆறு கடை ஏறி இறங்கி வாங்கினேன். ஊசிமுனை வெளிச்சம் நுழையாது.” பேசிக்கொண்டே எதிர்ச்சுவரைப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். “இதுவும் என் துணிதான். மிச்சத்தைப் பாப்பாகிட்ட கொடுத்துவிட்டேன். ஆனா விளிம்பு மடிக்காம அப்படியே ஆணி அடிச்சிருக்கே. அவ இப்படிச் செய்ய மாட்டாளே.”

“வெளிச்சம் பட்டுத் திரும்பக் கூடாதுன்னு நான்தான் அடிச்சேன். சுவர் ஈரம், கை வைக்காதீங்க.”

“சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்றார் கண்ணாடியக்கா.

“ஒண்ணும் இல்ல. வெளிதான்.”

கண்ணாடியக்கா சும்மா இருந்தார். பம்ப் இரைந்தது. பேராசிரியர் கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டார்.

குருவி மனசுக்குள் கழித்துப் பார்த்தான். நடைபாதையில் பத்தொன்பது, உள்ளே பன்னிரண்டு. ஏழு அடி எங்கே போயிற்று? அக்காவின் காதருகே குனிந்து, “அக்கா, வெளிய இருந்த ஏழு அடியை உள்ள யாரோ முழுங்கிட்டாங்க,” என்றான். அவர் தலையை மட்டும் லேசாக அசைத்தார்.

“நாலாவது சென்சார் மூணு நாளா என்ன பொய் சொல்லியிருக்குன்னு பார்க்கலாமா?”

“தாராளமா. குப்பைதான்.”

பெட்டியின் அடியில் உள்ளங்கையளவு பதிவுக் கருவி ஒன்று இருந்தது. கண்ணாடியக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதன் திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று கோடுகள் சலனமில்லாமல் படுத்திருந்தன. நான்காவது கோட்டில் மட்டும் மேலே குத்திட்டு எழும் முட்கள். கொத்துக் கொத்தாக.

“குருவி, மணியைப் படி.”

“முதல் நாள் ராத்திரி எட்டு மணி… அடேங்கப்பா, அம்பது அறுபது முள். ஒம்பது மணி, அதே மாதிரி. பத்து மணி…” அவன் நிறுத்தினான். “அக்கா, எல்லாம் மணி அடிச்சா மாதிரி வருது. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

“கெட்டுப்போன சாதனம் கடிகாரம் பார்த்துக் கெடுமா சார்?”

பேராசிரியர் குப்பிகளை வரிசை மாற்றி அடுக்கினார்.

“மேல படி.”

“நேத்து, மணிக்கு இருபது. அப்புறம் பன்னெண்டு. இன்னைக்கு ஏழு மணிக்கு அஞ்சு. எட்டு மணிக்கு மூணு. ஒம்பது மணிக்கு ரெண்டு.” குருவி திரையை இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தான். “பத்து மணிக்கு ஒண்ணும் இல்ல.”

குறைந்துகொண்டே வந்து நின்றுபோன அந்த எண்ணிக்கையில் ஏதோ இருந்தது. மூச்சு மாதிரி.

கண்ணாடியக்கா மேஜையிலிருந்த புரொஜெக்டர் ரிமோட்டை எடுத்து டெய்லரிடம் கொடுத்தார். “உங்க துணியைக் கொஞ்சம் தூக்கி, இதை அதுக்குப் பின்னால வச்சு ஒரு பொத்தானை அமுக்குங்க. குருவி, போன்ல செல்ஃபி கேமராவைத் திருப்பு. துணியைப் பார்த்துப் பிடி.”

டெய்லர் அமுக்கினார். துணி வெறும் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் போன் திரையில், அந்தக் கறுப்பின் நடுவே, ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி ஒன்று துடித்தது. துணியே அங்கே இல்லாதது போல.

“ரிமோட் விடற வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குக் கொஞ்சம் தெரியும். நாலாவது சென்சாருக்கு நல்லாவே தெரியும். துணிக்குச் சாயம் போட்டவன் நம்ம கண்ணுக்குத்தான் போட்டான்.” அக்கா பேராசிரியரைப் பார்த்தார். “மூணு மாசமா சென்சார் பொய் சொல்லல சார். துணி பொய் சொல்லியிருக்கு. யாராவது ரிமோட் அமுக்கறப்பெல்லாம் அந்த வெளிச்சம் உள்ள போயிருக்கு. வெளிச்சம் படிக்கற நீங்க, கறுப்பா இருக்கேன்னு கண்ணை நம்பிட்டீங்க.”

டெய்லரின் முகம் செத்துப்போயிற்று. “நான் கொடுத்த துணியாலயா…”

“அப்ப மூணு நாளா மணி தவறாம ரிமோட் அமுக்கறது யாருக்கா?” என்றான் குருவி. கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. காணாமல்போன ஏசி ரிமோட். ஏசி மாட்டியிருந்ததும் அதே எதிர்ச்சுவரின் உச்சியில்தான். அந்தச் சுவரில் அடித்த துணிக்குப் பின்னாலிருந்து அமுக்கினால் ஏசிக்கு எட்டாது. நேர் எதிரே வாய் திறந்திருக்கும் பெட்டிக்கு மட்டும் எட்டும்.

“மணி பத்து அம்பத்தி ஏழு,” என்றார் கண்ணாடியக்கா. “விளக்கை அணைச்சுட்டுப் பதினொண்ணு வரைக்கும் பார்ப்போம். முள் வந்தா, அது அறை வெளிச்சம்னு யாரும் சொல்லிடக் கூடாது.”

“நானே அணைக்கிறேன்,” என்றார் பேராசிரியர். சுவிட்ச் கதவோரம் இருந்தது. அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த குருவிக்கு, வேண்டாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அறை அணைந்தது.

அப்படி ஓர் இருட்டை அவன் கண்டதில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கருவியின் சின்னத் திரை மட்டும் அக்காவின் மோவாயில் பச்சை பூசியிருந்தது. பக்கத்தில் டெய்லரின் மூச்சு. மூலையில் பம்ப். பேராசிரியர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. ஒவ்வொரு நொடியும் அவர் ஓர் அடி நெருங்கி வருவதாகத் தோன்றியது.

பத்து ஐம்பத்தொன்பது.

பதினொன்று.

நான்கு கோடுகளும் படுத்தே கிடந்தன.

“அக்கா…”

“இரு.”

பதினொன்று ஒன்று. டெய்லர் ஏதோ முனகினார். வேண்டுதலோ, மகளின் பெயரோ. ஒரே ஒரு கோடு, அதில் ஒரே ஒரு முள். அது மட்டும் வந்துவிடட்டும், இனி ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்று குருவி மனசுக்குள் பேரம் பேசினான்.

பதினொன்று இரண்டு.

நான்காவது கோடு எழுந்தது. ஒரு முள். குட்டையாக, சாய்வாக, கை தளர்ந்தவர் அமுக்கியது போல.

“பாப்பா!” என்றார் டெய்லர்.

அதே கணம், கதவுப் பக்கம் கிளிக் என்று ஒரு சத்தம். தாழ்ப்பாள் விலகியது.

குருவி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டான். ஒன்பது அடி. காலுக்குத் தெரியும். கும்மிருட்டில் ஒன்பது அடியையும் ஓடி, மூடிக்கொண்டிருந்த கதவின் கடைசி இடுக்கில் காலைக் கொடுத்தான். எலும்பு நெரிந்தது. வெளியிலிருந்து பேராசிரியர் முழு பலத்தோடு தள்ளினார். இவன் வலியில் அலறிக்கொண்டே தோளால் திருப்பித் தள்ளினான். கதவு படீரென்று விரிந்தது. இருவரும் நடைபாதையில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

“நாளைக்கு வரைக்கும்தான்!” பேராசிரியரின் மென்மையான குரல் கிழிந்துபோயிருந்தது. “நான் காட்டின அளவெல்லாம் போலின்னு வர்றவங்ககிட்ட சொல்லிடுவேன்னு சொன்னா அவ. போனைப் பிடுங்கிட்டுப் பழைய போட்டோ இருட்டறைக்குள்ள வச்சுப் பூட்டினேன். குழாய்ல தண்ணி வருது. நாளைக்குச் சாயங்காலம் விட்டுடலாம்னுதான்… நான் கொலைகாரன் இல்ல!”

கண்ணாடியக்கா விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். குரல் உயரவில்லை. “அவ இன்சுலின் போடறவ. பேனா இன்னைக்கோட தீருது. உங்க நாளைக்கு அவகிட்ட இல்ல சார்.”

பேராசிரியர் அவரையே வெறித்தார். நாளைய குழுவை நினைத்து மூன்று நாளாகப் பயந்து பயந்து இறுகிப்போயிருந்த அந்த முகத்தில், இப்போது வேறொரு பயம் புதிதாகக் குடியேறியது. பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். “பீரோவுக்குப் பின்னால கதவு.”

உள்ளே டெய்லர் சாவிக்குக் காத்திருக்கவில்லை. எதிர்ச்சுவரில் அடித்திருந்த துணியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். ஆணிகள் தெறித்தன. துணிக்குப் பின்னால் கம்பி வலை பதித்த தடித்த கண்ணாடிச் சதுரம் ஒன்று. அதற்கு அப்பால், அறை விளக்கின் வெளிச்சம் விழுந்த இடத்தில், தண்ணீர்த் தொட்டி மேடைமேல் கண்ணாடியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த ஓர் உருவம். மடியில் ஒரு வெள்ளை ரிமோட்.

பீரோவை அக்கா ஒரு பக்கம் தள்ள, குருவி ஒற்றைக் காலில் நின்று மறுபக்கம் தள்ள, கதவு திறந்தது. அக்கா அதற்குள் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார். இன்சுலின் என்ற வார்த்தையை மூன்று தடவை சொன்னார். டெய்லர் எல்லோரையும் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய் மகளின் தலையை மடியில் ஏந்தினார். பெண்ணின் உதடு வெடித்திருந்தது. பையிலிருந்த பேனாவை அவள் இறுகப் பிடித்திருந்தாள். அதில் ஒரு கோடு மருந்து மீதி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, மணி பார்த்து, எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருந்தாள்.

“பத்து மணிக்கு ஏம்மா அமுக்கல?” என்றான் குருவி. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டான். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

“தூங்கிட்டேன் போல,” என்றாள் அவள். பிறகு கண்ணை மேலே உயர்த்தி அப்பாவைத் தேடினாள். குரல் காற்றாகத்தான் வந்தது. அவர் காதைக் குனிந்து கொடுத்தார்.

“அப்பா… நீங்க வாங்கினது கறுப்புத் துணியே இல்ல.”

“ஆமாம்மா,” என்றார் டெய்லர், அழுகையும் சிரிப்புமாக. “ஆமா. ஏமாத்திட்டான் கடைக்காரன்.”